கட்டிங் மெஷினில் ஸ்டென்சிலும் ஒட்டுத்துணிப் போர்வையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர் பக்கம் தறி இருக்கும் ஊர்கள் நிறைய. துணிக்குப் பஞ்சமில்லை, தைக்கத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. இப்போது சில வீடுகளில் மேசைமேல் வைக்கும் கட்டிங் மெஷினும் வந்துவிட்டது. வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் தையல் வகுப்பில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். 'குயில்ட்' என்று நான் சொல்வது துண்டுத்துணிகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சோ பழம்புடவையோ வைத்து, மூன்றடுக்காகத் தைக்கும் போர்வையை. நம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் பழம்புடவையில் தைக்கும் பொந்தவும் அதே குடும்பம்தான்.

அக்கா, இந்த மெஷின் என்னதான் செய்யும்? தைக்கவும் தைக்குமா?

தைக்காது. வெட்டும், பேனா மாட்டினால் வரையும். அவ்வளவுதான். ஒட்டும் பசை தடவிய ஒரு பிளாஸ்டிக் பலகையில் (இதை மேட் என்கிறோம்) காகிதத்தையோ துணியையோ ஒட்டி உள்ளே விட வேண்டும். உருளைகள் மேட்டை முன்னும் பின்னும் நகர்த்தும், பிளேடு இடமும் வலமும் நகரும். இரண்டும் சேர்ந்து போனில் வரைந்த எந்த வளைவையும் வெட்டிவிடும்.

வளைவு, எழுத்து, பூ, மாங்காய் உருவம், ஒரே அளவில் ஐம்பது சிறு துண்டு என்றால் இந்த மெஷின் மிக நன்றாக உழைக்கும். நேர்க்கோட்டில் சதுரமும் பட்டையும் மட்டும்தான் வேண்டும் என்றால் அளவுகோலும் ரோட்டரி கட்டரும் (கையால் உருட்டி வெட்டும் சக்கரக் கத்தி) போதும். அதற்காக மெஷின் வாங்க வேண்டாம் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

ரேடியம் ஸ்டிக்கர் கடையில இருக்குற பிளாட்டரும் இதுவும் ஒண்ணுதானே?

அடிப்படை ஒன்றுதான். கடையில் இருப்பது பெரும்பாலும் இரண்டடி அகலம் கொண்டது. ஸ்டிக்கர் ரோலை மேட் இல்லாமல் நேராக இழுத்து வெட்டும். ஸ்டிக்கருக்கு அடித்தாள் இருப்பதால் அது நடக்கிறது. துணிக்கு அப்படித் தாங்கிப் பிடிக்க எதுவும் கிடையாது. அதனால்தான் வீட்டு மெஷினில் மேட்.

வருடத்துக்கு ஒருமுறை சுவரில் அடிக்க ஒரு ஸ்டென்சில் (உருவத்தைத் துளையாக வெட்டிய தாள், அதன்மேல் பெயிண்ட் அடித்தால் உருவம் விழும்) வேண்டும் என்றால் அந்தக் கடையிலேயே ஸ்டிக்கர் ஷீட்டில் வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஸ்டிக்கர் வினைல் பெரும்பாலும் பி.வி.சி. அதை லேசர் மெஷின் வைத்திருக்கும் கடையில் கொடுத்து வெட்டச் சொல்லக் கூடாது. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். நுரையீரலுக்கும் கெடுதல், மெஷினுக்கும் கெடுதல். பிளேடில் வெட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

எந்த மெஷின் வாங்கலாம்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

வீட்டு உபயோகத்துக்கு அதிகம் பேசப்படுவது மூன்று: கிரிக்கட், சிலுவெட் கேமியோ, பிரதர் ஸ்கேன்-என்-கட். கிரிக்கட்டில் எக்ஸ்ப்ளோர் என்று ஒரு வரிசை, மேக்கர் என்று ஒரு வரிசை. எக்ஸ்ப்ளோர் சுமார் 400 கிராம் அழுத்தம் கொடுக்கும். மேக்கர் 4 கிலோ வரை கொடுக்கும். அதைவிட முக்கியமான வித்தியாசம், துணியின் மேல் சக்கரம்போல் உருண்டு வெட்டும் ரோட்டரி பிளேடு மேக்கரில்தான் பொருந்தும். எக்ஸ்ப்ளோரில் இருப்பது இழுத்து வெட்டும் பிளேடு; துணியை விறைப்பாக்கித்தான் வெட்ட முடியும்.

என் கருத்து: ஸ்டென்சில்தான் முக்கியம், துணி எப்போதாவது என்றால் எக்ஸ்ப்ளோரோ கேமியோவோ போதும். துணிதான் தினமும் என்றால் மேக்கர். கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டேன் என்பவர்களுக்கு பிரதர். அதில் ஸ்கேனரும் தொடுதிரையும் உள்ளேயே இருக்கின்றன. காகிதத்தில் கையால் வரைந்த பூவை ஸ்கேன் செய்து, அப்படியே வெட்டலாம்.

கம்ப்யூட்டர் இல்ல, போன் மட்டும்தான் இருக்கு. ஓடுமா?

கிரிக்கட்டின் டிசைன் ஸ்பேஸ் செயலி போனிலும் ஓடும், இலவசம்தான். ஆனால் நெட் இருந்தால்தான் நிம்மதியாக வேலை செய்யலாம். கேமியோவுக்கும் போன் செயலி உண்டு, ஆனால் முழு வசதிக்குக் கம்ப்யூட்டரில் சிலுவெட் ஸ்டூடியோ வேண்டும். அதன் இலவசப் பதிப்பில் எஸ்.வி.ஜி. கோப்பு (படத்தைக் கோடுகளாகச் சேமிக்கும் வகை) திறக்காது, காசு கட்டி அடுத்த பதிப்புக்குப் போக வேண்டும். காசு கட்ட மனமில்லாவிட்டால், இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் அதே படத்தை டி.எக்ஸ்.எஃப். கோப்பாகச் சேமித்தால் இலவசப் பதிப்பிலும் திறந்துவிடும்.

ஸ்டென்சிலுக்கு எந்த ஷீட் நல்லது? பழைய எக்ஸ்ரே ஆகுமா?

ஓரிரு முறை போதும் என்றால் கெட்டியான சார்ட் அட்டை. பல தடவை கழுவித் துணியில் அடிக்க ஓ.எச்.பி. ஷீட், அது சுமார் 100 மைக்ரான் கனம் இருக்கும். சுவரில் திரும்பத் திரும்ப அடிக்க 190 மைக்ரான் பாலியெஸ்டர் ஷீட் கேளுங்கள். மைலார் ஷீட் என்றாலும் கடையில் தெரியும்.

எக்ஸ்ரே ஃபிலிமும் பாலியெஸ்டர்தான், கனம் சுமார் 175 மைக்ரான். எங்கள் பக்கம் துணிப் பெயிண்டிங் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் பல காலமாக அதைத்தான் கையால் வெட்டிப் பழக்குகிறார்கள். மெஷினிலும் வெட்டும். முதலில் நீர்த்த பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துக் கறுப்புப் பூச்சைக் கழுவிவிடுங்கள். நோயாளியின் பெயர் இருக்கும் ஓரத்தையும் வெட்டி எறிந்துவிடுங்கள். அடுத்தவர் உடம்பு விஷயம் நம் ஸ்டென்சிலோடு ஊர் சுற்ற வேண்டாம். சுருண்டுகொள்ளும் ஃபிலிம் என்பதால் நான்கு ஓரத்திலும் டேப் போட்டு மேட்டில் ஒட்டுங்கள்.

கனமான ஷீட்டை ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள். நடுத்தர அழுத்தத்தில் இரண்டு மூன்று முறை ஓடவிட்டால் ஓரம் சுத்தமாக வரும், பிளேடின் முனையும் உடையாது. முதலில் ஓர் ஓரத்தில் விரல் நக அளவு வட்டம் ஒன்றை வெட்டிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எழுத்து வெட்டினா நடுத்துண்டு கழண்டு விழுந்துடுது. என்ன பண்றது?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வருகிறது. எழுத்துக்குள் அடைபட்ட வெற்றிடம் இருந்தால் அது தனித் தீவு. சுற்றிலும் வெட்டியதும் விழத்தான் செய்யும். ட, ப, ர போன்றவற்றில் அடைபட்ட இடம் கிடையாது, அப்படியே வெட்டலாம். ம, வ, ல, ழ, ண, அ எல்லாவற்றிலும் சுழி இருக்கிறது. 'மளிகை' என்று பலகைக்கு ஒரு ஸ்டென்சில் போட்டால் ஒவ்வொரு எழுத்தையும் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

தீவை வெளியோடு இணைக்க ஒரு மெல்லிய பட்டையை விட வேண்டும். இதைப் பாலம் என்கிறோம். ஒவ்வொரு தீவுக்கும் எதிரெதிரே இரண்டு பாலம் வையுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் நடுத்துண்டு கதவுபோல ஆடும், பெயிண்ட் அடியில் புகும். நான்கு அங்குல உயர எழுத்துக்குப் பாலம் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். சின்ன எழுத்தானாலும் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள், கழுவும்போதே அறுந்துவிடும். எல்லா எழுத்திலும் பாலம் ஒரே சாய்வில் இருந்தால் அதுவே ஒரு அழகு. ஆளுக்கொரு பக்கம் இருந்தால் பலகை பார்க்கப் பிசிறடிக்கும்.

திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இன்றும் இந்தப் பக்கம் ஒரே பலகையில் தமிழும் தெலுங்கும் கேட்பவர்கள் உண்டு. தெலுங்கு எழுத்து இன்னும் உருண்டை, தீவும் அதிகம். சுன்னா என்கிற வட்டம் முழுவதும் ஒரு தீவுதான். அதற்கு மேலும் கீழும் இரண்டு பாலம் கட்டாயம்.

பாலமே தெரியக் கூடாது என்றால் ஸ்டிக்கர் வினைலில் வெட்டி, மேலே டிரான்ஸ்ஃபர் டேப் (வெட்டிய துண்டுகளை இடம் மாறாமல் தூக்கும் டேப்) ஒட்டி அப்படியே எடுத்துச் சுவரில் வையுங்கள். தீவுகள் தம் இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவைக்குத்தான் ஆகும்.

தமிழ்ல டைப் பண்ணா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகுது.

மெஷினோடு வரும் மென்பொருளில் நேராகத் தமிழ் அடிக்காதீர்கள். மேலே சொன்ன இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, எழுத்தைப் பாதையாக மாற்றி (பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத்), பிறகு அதே மெனுவில் யூனியன் கொடுத்துச் சேமியுங்கள். அப்புறம் அது எழுத்து இல்லை, வெறும் படம். எந்த மென்பொருளும் குலைக்க முடியாது. யூனியன் கொடுக்க மறந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் கோடுகள் எழுத்துக்கு நடுவிலும் வெட்டிவிடும்.

ஸ்டென்சிலுக்குத் தடித்த எழுத்துரு எடுங்கள். பலூ தம்பி நன்றாக வரும். கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டிலும் தடித்த வடிவம் உண்டு. மூன்றும் இலவசம்.

சிக்குக் கோலம் ஸ்டென்சிலா வெட்ட முடியுமா?

அப்படியே முடியாது. சிக்குக் கோலத்தின் கோடு எங்கும் நிற்காமல் புள்ளிகளைச் சுற்றிப் போய்த் தொடங்கிய இடத்தில் சேர்கிறது. அந்தக் கோட்டை வெட்டினால் உள்ளே இருப்பது எல்லாமே தீவு. கோடுகள் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் 3 மில்லிமீட்டர் விட்டுவிட்டு வெட்டலாம். பொடி தூவி எடுத்தபின் இடைவெளியைக் கையால் சேர்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. புள்ளியை மட்டும் ஸ்டென்சிலாக வெட்டுங்கள். ஒன்றரை அங்குல இடைவெளியில் ஏழுக்கு ஏழு புள்ளி ஒன்பது அங்குலத்துக்குள் அடங்கும், பன்னிரண்டு அங்குல மேட்டில் தாராளமாக வெட்டலாம். புள்ளி பிசகாமல் விழும். கோட்டை நம் கை போடும். மார்கழியில் கோலம் பழகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதவி இல்லை. முழுக் கோலத்தையும் ஸ்டென்சிலே போட்டுவிட்டால் அவர்கள் கை எப்போது பழகும்? துளை 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அரிசி மாவு என்றால் இன்னும் கொஞ்சம் பெரிதாக.

பெயிண்ட் ஓரத்துல கசிஞ்சு அசிங்கமாயிடுது.

பெயிண்ட் அதிகம், அவ்வளவுதான். ஸ்பாஞ்சை நனைத்து, பழைய காகிதத்தில் ஒற்றி, ஏறக்குறைய காய்ந்த நிலையில் நேர் மேலிருந்து தட்டுங்கள், தேய்க்க வேண்டாம். துணிப் பெயிண்டில் தண்ணீர் கலக்காதீர்கள். மெல்லியதாக இரண்டு பூச்சு. ஒரு நாள் காயவிட்டு மறுபுறத்தில் இஸ்திரி போட்டால் நிறம் நிற்கும்.

ஆரி வேலைக்கு டிசைன் குத்த இதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. டிரேஸிங் பேப்பரில் ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்து ரவிக்கைத் துணியில் இறக்குவதுதானே வழக்கம். அந்தக் குத்தும் வேலைதான் கண்ணையும் கழுத்தையும் வாங்குவது. இங்க்ஸ்கேப்பில் கோட்டை நுண்ணிய வட்டங்களாகவோ ஒரு மில்லிமீட்டர் கீறல்களாகவோ மாற்றி, கெட்டி டிரேஸிங் ஷீட்டில் வெட்டினால் அதே வேலை நடக்கும். கீறலுக்குக் கீறல் இரண்டு மில்லிமீட்டராவது விடுங்கள். நெருங்கினால் தாள் கிழிந்து கோடாகிவிடும்.

இடது கை, வலது கைக்குத் தனித்தனியாக வரைய வேண்டாம். ஒரே ஷீட்டைத் திருப்பிப் போட்டால் போதும். பொடி தேய்த்த பக்கத்தை மட்டும் முதலில் துடைத்துவிடுங்கள்.

துணி வெச்சா வெட்டாம இழுத்துச் சுருட்டிக்குது. மெஷின் கோளாறா?

பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. துணியைத் தயார் செய்யாமல் வைத்திருப்பார்கள். நெசவு ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பாவுக்குக் கஞ்சி போடாமல் யாரும் தறியில் ஏற்றுவதில்லை, இல்லையா? பிளேடுக்கு முன்னால் துணிக்கும் அதே மரியாதை வேண்டும்.

முதலில் துணியைத் துவைத்துச் சுருங்கவிடுங்கள். புதுப் பருத்தித் துணி தைத்தபின் சுருங்கினால் போர்வை முழுக்கக் கோணிவிடும். அப்புறம் ஜவ்வரிசிக் கஞ்சியோ மைதாக் கஞ்சியோ கொஞ்சம் கெட்டியாகவே போட்டு, நன்றாகக் காயவைத்து, இஸ்திரி போடுங்கள். கையில் எடுத்தால் காகிதம்போல நிற்க வேண்டும். ஈரம் துளியும் இருக்கக் கூடாது. நவம்பர், டிசம்பர் மழையில் காய்ந்ததுபோலத் தெரியும் துணியும் உள்ளே ஈரம் பிடித்திருக்கும், மேட்டில் ஒட்டாது. போர்வை தைத்து முடிந்ததும் கஞ்சி போகத் துவைத்துவிடுங்கள், இல்லையென்றால் பூச்சி வரும்.

அடுத்தது இழை. பாவு நூல் மேட்டின் ஓரத்துக்கு நேராக இருக்கட்டும். சாய்ந்து ஒட்டினால் வெட்டும்போது பார்க்கச் சரியாக இருக்கும். தைக்கும்போது துண்டு இழுபட்டு நீளும். கரையை வெட்டி நீக்கிவிட்டு வையுங்கள், கரையில் நெசவு நெருக்கம் வேறு. ஒட்டியதும் விரலால் தடவாமல் ஒரு ரப்பர் உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். கொஞ்சமும் காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது.

மூன்றாவது பிளேடு. ரோட்டரி பிளேடு உருள்வதால் கஞ்சி போட்ட பருத்தியை அப்படியே வெட்டும். ஆனால் முக்கால் அங்குலத்துக்குச் சிறிய உருவங்களில் அதனால் திரும்ப முடியாது. இழுத்து வெட்டும் பிளேடு என்றால் துணியின் பின்னால் தையல் கடையில் கிடைக்கும் ஒட்டும் பேப்பர் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டியே ஆக வேண்டும். துணிக்கென ஒரு பிளேடு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் வெட்டிய பிளேடு துணியில் நூல் பிடிக்கும்.

வெட்டி முடிந்ததும் மேட்டை உடனே வெளியே தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும்போதே ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெட்டுப்படவில்லை என்றால் அதே இடத்தில் இன்னொரு முறை ஓடவிடலாம். வெளியே வந்துவிட்டால் மறுபடி அதே கோட்டில் பொருத்துவது முடியாத காரியம்.

மேட்டுல பசை போயிடுச்சு. தண்ணில கழுவலாமா?

கிரிக்கட்டின் சாதாரணப் பச்சை மேட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டு மெல்லக் கழுவி நிழலில் காயவைத்தால் பசை ஓரளவு திரும்பும். துணிக்கான இளஞ்சிவப்பு மேட்டைக் கழுவக் கூடாது, சுரண்டவும் கூடாது. நூல் பிசிறை ஒட்டும் டேப்பால் மேலாக ஒற்றி எடுங்கள். கை எண்ணெய்தான் பசைக்கு எதிரி. பிசிறைவிட அதுதான் சீக்கிரம் கெடுக்கும்.

நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பசை இளகித் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஷீட் கூரைக்குக் கீழே மேட்டை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் அதோடு வந்த பிளாஸ்டிக் தாளால் மூடிப் படுக்கையாக வையுங்கள்.

கைலித் துணி நிறைய இருக்கு. கட்டம் கோணாம வெட்டுமா?

மெஷினுக்குக் கட்டம் தெரியாது, மேட்டின் அளவு மட்டும்தான் தெரியும். மேட்டில் அச்சிட்ட கோட்டோடு துணியின் கட்டத்தைப் பொருத்துவது நம் வேலை. ஸ்கேன் செய்யும் பிரதரில் துணி இருக்கும் நிலையைத் திரையில் பார்த்துவிட்டு உருவத்தை எந்தக் கட்டத்தின் மேல் வேண்டுமோ அங்கே நகர்த்தலாம். கைலிக்கு அது பெரிய வசதி.

கைலியில் சாயம் போகும். அடர்சிவப்பும் கருநீலமும் வெள்ளைத் துணியோடு சேருமுன் தனியாக இரண்டு மூன்று முறை அலசி, ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள்.

ஒரே நேரத்துல எத்தனை மடிப்பு துணி வெட்டும்?

ஒன்று. மடித்து வைத்தால் மேலடுக்கு மட்டும் வெட்டுப்பட்டுக் கீழடுக்கு நகர்ந்துவிடும். மூன்றரை அங்குலச் சதுரம் நூறு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு அங்குல மேட்டில் ஒரு தடவைக்கு ஒன்பதுதான் விழும். பன்னிரண்டு தடவை ஒட்டி எடுக்க வேண்டும். ரோட்டரி கட்டரில் நான்கடுக்கு வைத்து நேர்க்கோட்டில் அறுத்தால் அதைவிட வெகு சீக்கிரம் முடிந்துவிடும். முதல் பதிலில் சதுரத்துக்கு மெஷின் வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

எல்லாம் சரியா வெட்டினேன், தைச்சா போர்வை சின்னதாயிடுச்சு. ஏன்?

குயில்ட்டில் தையலுக்கு விடும் இடம் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர். நாம் ரவிக்கையிலும் சுடிதாரிலும் அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று விட்டுப் பழகியவர்கள். கை தானாகத் தள்ளிப் போகும். மூன்றரை அங்குலத் துண்டு தைத்தபின் மூன்று அங்குலமாக நிற்க வேண்டும். கால் அங்குலத்துக்குப் பதில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர், அதாவது கால் அங்குலத்தைவிட அரைக்கால் அங்குலம் கூட உள்ளே தைத்துவிட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் கால் அங்குலம் காணாமல் போகும். பன்னிரண்டு துண்டு வரிசையில் பதினொரு இணைப்பு. ஆக இரண்டே முக்கால் அங்குலம் குறையும்.

ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலத்தில் தையல் மெஷின் தகட்டின்மேல் ஒரு கெட்டி டேப் ஒட்டி, துணியின் ஓரத்தை அதில் உரசவிட்டுத் தையுங்கள். உண்மையில் ஒரு நூல் அளவு குறைவாகத் தைப்பதே நல்லது. இஸ்திரியில் மடிப்பு அந்த நூல் அளவை எடுத்துக்கொள்ளும்.

டிசைனை ரெண்டு மடங்கு பெருசாக்கினேன். துண்டுங்க ஒண்ணோட ஒண்ணு பொருந்தல.

தையலுக்கு விட்ட இடமும் இரண்டு மடங்காகிவிட்டது. நான்கு அங்குலக் கட்டத்துக்கு வெட்டும் துண்டு நாலரை. அதை இரண்டு மடங்காக்கினால் ஒன்பது. ஆனால் எட்டு அங்குலக் கட்டத்துக்கு வேண்டியது எட்டரைதான். பெரிதாக்கிய துண்டுகளோடு பெரிதாக்காத துண்டு ஒன்று கலந்துவிட்டாலும், பழக்கத்தில் கால் அங்குலமே தைத்தாலும் எதுவும் சேராது.

வழி இதுதான்: தையல் இடம் இல்லாத வெறும் உருவத்தை வைத்துக்கொண்டு அதை வேண்டிய அளவுக்கு மாற்றுங்கள். கடைசியில் ஆஃப்செட் கொடுத்துச் சுற்றிலும் கால் அங்குலம் சேருங்கள். சேர்த்தபின் அளவைத் தொடவே கூடாது. சதவீதக் கணக்கில் தையல் இடம் சேர்ப்பது எந்த உருவத்துக்கும் ஒத்துவராது. உதாரணமாக, பக்கம் ஓர் அங்குலமுள்ள அறுகோணத்துக்குச் சுற்றிலும் கால் அங்குலம் சேர்த்தால் துணியின் பக்க அளவு சுமார் 1.29 அங்குலம் வரும். இதை மனக்கணக்கில் யாரும் சரியாகப் போட மாட்டார்கள், ஆஃப்செட் போட்டுவிடும்.

அறுகோணத்தைக் கைத்தையல்ல சேர்க்கணும். மெஷின் உதவுமா?

இந்த மெஷினின் மிகச் சிறந்த உபயோகங்களில் இதுவும் ஒன்று. ஒரே அளவில் அட்டை அறுகோணங்களை வெட்டி, துணியை அதன்மேல் மடித்து நூலோட்டி, பக்கத்தோடு பக்கம் சேர்த்துக் கையால் தைத்து, பின்பு அட்டையை உருவிவிடுவது இந்த முறை. அட்டை ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஆறாவது துண்டு சேராது. கத்தரியில் நூறு வெட்டினால் நூறும் ஒன்றாக இருக்காது. மெஷினில் இருக்கும். ஓர் அங்குலப் பக்கமுள்ளது ஒரு மேட்டில் ஏறத்தாழ நாற்பது விழும். வீட்டில் சேர்ந்திருக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு மிக ஏற்றது. ஜிகினா ஒட்டிய பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள், பிளேடு மழுங்கும்.

மேலே ஓட்டுற குயில்ட் கோடுகளுக்கு ஸ்டென்சில் போடலாமா?

மூன்றடுக்கையும் சேர்த்துப் பிடிக்க மேலே தைக்கும் கோடுகள்தானே, போடலாம். 190 மைக்ரான் ஷீட்டில் இரண்டரை மில்லிமீட்டர் அகலப் பிளவாகக் கோட்டை வெட்டி, நடுநடுவே பாலம் விடுங்கள். சாக்பீஸ் பொடியை ஒரு துணி முடிச்சில் கட்டித் தட்டினால் கோடு விழும். சூட்டில் மறையும் பேனாவும் கிடைக்கிறது. சுமார் 60 டிகிரியில் மறையும், ஆனால் கடுங்குளிரில் திரும்ப வரக்கூடியது. குளிர் நாட்டு உறவினருக்கு அனுப்பும் போர்வையில் அதைத் தவிர்ப்பது நல்லது. எனக்கு சாக்பீஸ் பொடியே போதும்.

வெட்டிட்டு இருக்கும்போது கரண்ட் போனா?

வேலை அங்கேயே போய்விடும். விட்ட இடத்திலிருந்து தொடராது. மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்கும் தெரு என்றால் மெஷினை இன்வெர்ட்டர் இணைப்பில் ஓட்டுங்கள். அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்ததாக இருந்தால் இது முக்கியம்.

நெட்ல எடுத்த டிசைனைப் போட்டு விக்கலாமா?

இலவசம் என்று போட்டிருந்தாலும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று பல சமயம் அடியில் எழுதியிருக்கும். அதை விற்கக் கூடாது. நம் வீட்டில் தலைமுறையாகப் போடும் கோலத்தையும், நாமே வரைந்த மாங்காயையும் மயிலையும் வெட்டி விற்க யாரையும் கேட்க வேண்டாம். விற்பனைக்கு நிற்பவை, நான் பார்த்தவரை, ஆரி டிரேஸிங் ஷீட், புள்ளிக் கோல ஸ்டென்சில், குழந்தை பெயர் போட்ட சிறு போர்வை. போர்வைக்கு விலை வைக்கும்போது வெட்டிய நேரத்தை மட்டும் கணக்கிடாதீர்கள். துவைத்தது, கஞ்சி போட்டது, இஸ்திரி போட்டது எல்லாம் உங்கள் உழைப்பு.

அம்மாவோட பழைய பட்டுப் புடவையை இதுல வெட்டலாமா?

யோசித்துச் செய்யுங்கள். பழைய பட்டு மடிப்பில் ஏற்கெனவே நைந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இழை விட்ட இடத்தைச் சாக்பீஸால் குறித்து ஒதுக்குங்கள். பட்டுக்குக் கஞ்சி வேண்டாம். மெல்லிய ஒட்டும் கேன்வாஸைக் குறைந்த சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணி போட்டு ஒட்டுங்கள். மேட்டில் நேராக ஒட்டினால் எடுக்கும்போது இழை பிய்யும். கேன்வாஸ் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். முதல் வெட்டு உள்கட்டுப் பகுதியில் இருக்கட்டும், முந்தானையில் கை வைக்காதீர்கள்.

ஜரிகை உலோகம். ரோட்டரி பிளேடு அதில் ஏறினால் பல் விழும், அதன்பின் வெட்டும் ஒவ்வொரு துணியிலும் அதே இடத்தில் ஒரு நூல் வெட்டுப்படாமல் நிற்கும். அதனால் ஜரிகைக் கரையைக் கத்தரியால் முழுநீளத்துக்குப் பிரித்து எடுத்துவிட்டு உடலை மட்டும் மெஷினில் விடுங்கள். அந்தக் கரையை வெட்டாமல் போர்வையின் நான்கு ஓரத்துக்கும் பட்டையாகச் சுற்றித் தைக்கலாம். ஆறு கெஜப் புடவையின் ஒரு பக்கக் கரையே குழந்தைப் போர்வைக்குச் சுற்றிலும் போதும்.